இருவாச்சி வாசலை அடைத்த கதை

பறப்பனவும் ஊர்வனவும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஆனைமலைக் காட்டில் மருதி என்றொரு பெண் இருவாச்சிப் பறவை இருந்தாள். எந்த அத்தி எப்போது பழுக்கும், எந்தக் கொட்டை எந்த மண்ணில் முளைக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பழத்தைத் தின்று கொட்டையைத் துப்பித் துப்பியே காட்டை வளர்த்தவள்.

ஒரு கோடையில் தீ பிடித்துத் தெற்குச் சரிவு மொட்டையாகிவிட்டது. அங்கே மரம் இல்லாவிட்டால் கீழே ஓடை வற்றிவிடும். ஒற்றை ஆளாக எத்தனை கொட்டையைத்தான் சுமப்பாள், பாவம்! அந்த நேரம் பார்த்துக் கணவாய்க்கு அப்பாலிருந்து ஓர் ஆண் இருவாச்சி வந்து சேர்ந்தான்.

"அம்மணி, நாம ரெண்டு பேரும் சேர்ந்தே காட்டைப் பார்த்துக்கலாம்," என்றான்.

கூப்பிடாமல் வந்தவன் எதற்கு இப்படிக் குழைகிறான் என்று மருதிக்குச் சந்தேகம் தட்டியது. ஆனாலும் சரிவை நினைத்துச் சம்மதித்தாள். குடித்தனமும் ஆயிற்று, மரப்பொந்தில் முட்டையும் இட்டாள்.

அவன் சும்மா இருந்தானா? தன் ஊர்ச் சினேகிதன் உடும்பைக் கூட்டி வந்து பொந்தைப் பெருமையாகக் காட்டினான். "நம்ம ஆளுதான் அம்மணி, சும்மா பார்த்துட்டுப் போகட்டும்."

மறுநாள் மருதி இரை தின்றுவிட்டுத் திரும்பினால், பொந்தில் வெறும் ஓடுதான் கிடந்தது. ஐயோ, நெஞ்சு வெடிக்க அழுதாள்.

"சத்தியமா எனக்குத் தெரியாது!" என்றான் அவன். தெரியாமலும் இருந்திருக்கலாம், யார் கண்டார்கள்? அவனைத் துரத்தினால் சரிவு மொட்டையாகவே கிடக்கும். நம்பினால் அடுத்த முட்டையும் போகும்.

மறுபடி முட்டையிடும் காலம் வந்தது. மருதி பொந்துக்குள் புகுந்து, எச்சத்தையும் பழச்சதையையும் குழைத்து, உள்ளிருந்தபடியே வாசலைப் பூசி அடைத்தாள். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்று மட்டும் விட்டாள்.

"என்னையேவா சந்தேகப்படறே?" என்று கத்தினான் அவன்.

"ஆமாங்க, உங்களைத்தான். பழத்தை இந்த வழியாக் கொடுங்க. மேட்டு அத்தியில பறிங்க, ஓடைக்கரை அத்தி குரங்குகளுக்கு. நீங்க தின்னுற மத்த பழத்துக் கொட்டையைத் தெற்குச் சரிவுல துப்புங்க. உள்ளே என்ன இருக்குன்னு மட்டும் கேட்காதீங்க."

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனான். ஆனாலும் மேட்டு அத்திப் பழத்தோடு திரும்பி வந்தான். உடும்பும் வந்து வாசலைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, வந்த வழியே நடையைக் கட்டியது.

குஞ்சு பொரித்தது. சரிவும் பச்சை பிடித்தது. அவன் நல்லவன் என்றே வைத்துக்கொள்ளுங்களேன். ஆனாலும் அன்று முதல்தான், ஆண் இருவாச்சி எத்தனை ஆசையாகப் பழம் கொண்டுவந்தாலும், உள்ளே முட்டையோடு இருப்பவள் கீற்று வழியாக வாங்கிக்கொள்கிறாளே தவிர, வாசலைத் திறப்பதில்லை.