பிறை பார்த்த பழி

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்குச் சந்திரனைக் கண்டால் பயம் வந்துவிட்டது. பிள்ளையார் சதுர்த்தியன்று புராணம் படித்த பட்டர் சொன்ன கதைதான் காரணம். வயிறு முட்டக் கொழுக்கட்டை தின்ற பிள்ளையார் மூஞ்சுறு மேலிருந்து உருண்டு விழ, சந்திரன் பார்த்துச் சிரித்தானாம். அதற்காக, சதுர்த்தியன்று தன்னைப் பார்த்தவருக்கெல்லாம் வீண்பழி வரும்படி சாபம் வாங்கிக்கொண்டானாம். உடனே ராஜா, அன்று மாலை எவரும் பிறையைப் பார்க்கக் கூடாது, பார்த்தால் கசையடி என்று பறையறையச் சொன்னார்.

மறுநாள் காலை ராஜாவின் நீலக்கல் மோதிரத்தைக் காணோம். தேடிப் பார்த்ததில் அது அரண்மனை விகடகவி ஐயாறப்பனின் வெற்றிலைப் பெட்டிக்குள் கிடந்தது. கண்டெடுத்தவர் பொக்கிஷ அதிகாரி விருத்தகிரி. இவருடைய யோசனைகளைக் கேட்டு ராஜா கொட்டாவி விடுவதும், ஐயாறப்பன் வாயைத் திறந்தாலே சிரிப்பதும் அவருக்கு நெடுநாளாகப் புகைந்துகொண்டிருந்தது. அதோடு, நேற்று இவன் மாடத்தில் நின்று பிறை பார்த்ததைத் தாமே கண்டதாகவும் சொல்லிவைத்தார்.

அந்த ஊரில் திருட்டுக்குத் தண்டனை கையை வெட்டுவது. ஐயாறப்பன் பிறை பார்த்ததென்னவோ நிஜம். கொடியில் காய்ந்த வேட்டியை எடுக்கப் போனவன் கண்ணில் அது பட்டுத் தொலைத்தது. இல்லையென்று சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தான். பிறகு சட்டென்று நிமிர்ந்தான்.

"பார்த்தேன், மகாராஜா. பிறை பார்த்தவனுக்கு என்ன வரும்?"

"வீண்பழி வரும்."

"வந்துவிட்டது. நான் நிஜமாகவே திருடியிருந்தால் இது வீண்பழி ஆகாது. பிள்ளையார் வாக்கு பொய்யாகிவிடும். அது பொய்யென்று சொல்பவர் இந்தச் சபையில் யார்?"

விருத்தகிரி பதறிப்போய், அப்படியானால் மோதிரத்தைப் பெட்டிக்குள் வைத்தது யார் என்று கேட்டார்.

"நீர்தான்."

"மகாராஜா, இது வீண்பழி."

"அப்படியானால் நீரும் பிறையைப் பார்த்திருக்க வேண்டுமே. பார்த்தீரா?" என்றான் ஐயாறப்பன் பணிவாக.

பார்த்தேன் என்றால் கசையடி. பார்க்கவில்லை என்றால் பழி உண்மையாகிவிடும். ராஜா விருத்தகிரியின் முகத்தையே உற்றுப் பார்த்தார். பார்த்தீரா இல்லையா என்று தாமும் ஒருமுறை கேட்டார். அவ்வளவுதான், மனுஷர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து நடந்ததையெல்லாம் ஒப்புக்கொண்டார். அன்றோடு பொக்கிஷச் சாவி அவர் இடுப்பை விட்டு இறங்கியது.

பிறை பார்த்ததற்குக் கசையடி பாக்கியிருக்கிறதே என்று ராஜா மீசையை முறுக்கினார். பிள்ளையார் கொடுத்த தண்டனைக்கு மேல் ராஜாவும் கொடுத்தால் மரியாதையாக இருக்குமா என்றான் ஐயாறப்பன். ராஜா சிம்மாசனம் குலுங்கச் சிரித்தார். நீலக்கல் மோதிரத்தைத் தம் கையாலேயே அவன் விரலில் போட்டுவிட்டார்.

"வைத்துக்கொள். இனி இது உன் பெட்டியில் கிடந்தால் ஒருவனும் கேட்க முடியாது."