அண்டாவுக்குள் மோதிரம்

கொளுத்தும் கோடையில் ஊர்க்கிணற்றைப் பூட்டிவைத்திருந்த ஜமீன்தாரிடம் சாவி கேட்டுப் போனாள் கூலிக்காரி சடைச்சி. ஊரே பின்னால் திரண்டது.

ஜமீன்தார் வாசலில் ஓர் அண்டாவை வைத்தார். "உள்ளே என் மோதிரம் கிடக்கு. நின்ன இடத்துல இருந்து, எட்டிப் பார்க்காம, கல்லு என்ன நிறம்னு சொல்லு. சாவி உனக்கு!"

விளிம்பு மறைத்தது, அடி தெரியவில்லை.

"அதுல தண்ணி ஊத்துங்க சாமி."

இன்னும் மறையும் என்ற குஷியில் ஜமீன்தாரே குடங்குடமாய்க் கவிழ்த்தார். தண்ணீர் ஏற ஏற, அடேயப்பா, அடியிலிருந்து வந்த வெளிச்சம் நீர்மட்டத்தில் வளைந்து, விளிம்பைத் தாண்டி அவள் கண்ணுக்கே வந்துவிட்டது!

"மோதிரமே இல்லியே சாமி! துருப்பிடிச்ச ஆணிதான் கிடக்கு!"

கூட்டம் ஆர்ப்பரித்தது. சாவியை வாங்கிக்கொண்டே கேட்டாள்: "தண்ணி விட்டா பொய்யும் மேல வந்துடும்னுதான் கிணத்தைப் பூட்டினீங்களா சாமி?"