அண்ணாச்சி வீட்டு பாத்ரூம் வெளிச்சம்

சேர்மராஜ் சலூனில் முடி வெட்ட அரை மணி நேரம் ஆகும். குத்தாலிங்கம் அண்ணாச்சி உள்ளே இருந்தால் ஒன்றரை மணி நேரம். ஆனாலும் அம்பாசமுத்திரத்தில் ஒருத்தரும் எழுந்து வேறு கடைக்குப் போக மாட்டோம்.

அண்ணாச்சி ரிட்டையர்டு கண்டக்டர். டிக்கெட் கிழிப்பதை விட்டு ஆறு வருஷமாகிறது. கதை அளப்பதை விடவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை, பதினோரு மணிக்கு மகளைப் பெண் எடுக்கப்போகிற சம்பந்தி வீட்டார் முதல்முறையாக வீடு பார்க்க வருகிறார்கள். அதனால் ஆறு மணிக்கே கிளம்பி, கறி வாங்கி, முகம் மழிக்க உட்கார்ந்திருந்தார்.

பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தது அவர் மச்சினன் ஆவுடை. ஊரறிந்த எலக்ட்ரீஷியன். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் இவன், "எங்க அத்தான் ஒரு பல்பு மாட்ட ரெண்டு பேர் ஏணியப் புடிக்கணும், மூணாவது ஆளு பல்ப மாட்டணும்" என்று சொல்லிவிட்டான். பந்தியே சிரித்தது. அன்றைக்கே அண்ணாச்சி மனைவி கோமதியிடம் சபதம் போட்டார்: பாத்ரூமுக்குப் புது சீலிங் லைட்டை நானே மாட்டுவேன், உன் தம்பி காலடி என் பாத்ரூமில் படக்கூடாது.

சேர்மராஜ் நுரை பூசிக்கொண்டே கிளப்பிவிட்டார். "என்ன அண்ணாச்சி, லைட்டு மாட்டியாச்சாமே?"

"மாட்டுனதா? வெள்ளிக்கிழமையே முடிஞ்சுபோச்சுவே. ஏணி கீணியெல்லாம் கெடையாது. வாளியக் கவுத்தேன். வாளி மேல மக்கக் கவுத்தேன். மக்கு மேல ஒத்தக் கால்ல நின்னேன்."

"மத்தக் காலு?"

"அதுலதாம்வே ஸ்க்ரூ டிரைவர வச்சிருந்தேன்!"

ஆவுடை பேப்பரைத் திருப்பினான். சிரிக்கவில்லை.

"டிரில்ல வச்சு ஒரு அமுக்குதான் அமுக்குனேன். சீலிங்கத் தாண்டி மொட்டமாடிக்குப் போயிட்டு. அங்ஙன கோமதி வடகம் காயப்போட்டிருக்கா. திருப்பி இழுத்தா, டிரில் பிட்டுல வரிசையா அஞ்சு வடகம் கோத்துக்கிட்டு வருது. அப்படியே எண்ணெயில போட்டுப் பொரிச்சுச் சாப்பிட்டோம்."

"கரண்டு அடிக்கலியா?" என்று நான் கேட்டேன்.

"அடிக்காம இருக்குமா? புடிச்சுது. நானும் திருப்பிப் புடிச்சேன். கால் மணி நேரம் அதும் விடல, நானும் விடல. கடைசியில அதுதான் கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போச்சு. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஊரு பூரா கரண்டு போச்சுல்லா? அது என்கிட்ட தோத்துப்போன வெக்கத்துல போனது."

"அன்னைக்கு டிரான்ஸ்பார்மர்ல அணில் ஏறுச்சு" என்றார் சேர்மராஜ்.

"அந்த அணிலுக்கே பயம். என்னைப் பாத்து மெரண்டு போயில்லா ஏறுச்சு!"

கத்தி கன்னத்தில் ஒரு முறை இறங்கி ஏறியது. சேர்மராஜ் கையை எடுத்ததும் மறுபடி ஆரம்பித்துவிட்டார்.

"சுவிட்சப் போட்டேன் பாரும். யாத்தே, என்னா வெளிச்சம்! நனைஞ்ச துண்டு கொடியிலயே காஞ்சு மொறமொறன்னு ஆயிட்டு. சொவத்துல இருந்த பல்லி கண்ணப் பொத்திக்கிட்டு. வெண்டிலேட்டர் வழியா வெளிச்சம் போயி, பின்வீட்டு முருங்கை ஒரே நாள்ல ரெண்டு தடவ பூத்துட்டு."

"காய்ச்சுதா?"

"காய்ச்சதத்தான் இன்னைக்கு சாம்பார்ல போட்டிருக்கு. இன்னும் கேளும். மெட்ராஸ்ல இருந்து தூத்துக்குடிக்குப் போற ஏரோப்பிளேன், அந்த வெளிச்சத்தப் பாத்துட்டு எங்க மொட்டமாடிக்கு எறங்கிட்டு வருது! நான் என்ன செஞ்சேன்? பழைய விசில எடுத்து ரெண்டு ஊது. 'ரைட், போலாம்'னேன். மரியாதையா நேரப் போயிட்டான்."

பெஞ்சில் எல்லோரும் சிரித்தோம். சேர்மராஜ் மட்டும் தலையைச் சொறிந்தார். "அது சரி அண்ணாச்சி, நேத்து சாயங்காலம் கோமதியக்கா நாடார் கடையில ஒரு கட்டு மெழுகுவத்தி வாங்கிட்டுப் போனாவளே?"

அண்ணாச்சி ஒரு நொடிதான் முழித்தார். "வெளிச்சம் கூடிப்போச்சுவே. கண்ணு கூசுது. மெழுகுவத்திய ஏத்தித்தான் கொஞ்சம் கொறைக்க வேண்டியிருக்கு."

இதற்கு மேல் என்ன கேட்பது? ஆனால் அவர் கண் கடிகாரத்துக்குப் போய்விட்டது. ஒன்பதே முக்கால். சம்பந்தியம்மா சர்க்கரை நோய்க்காரி என்றும், வந்ததும் முதலில் பாத்ரூம் எங்கே என்றுதான் கேட்பார் என்றும் அவரே முன்பு சொல்லியிருந்தார். எனக்குப் பாவமாகிவிட்டது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தவர், ஆவுடை பக்கத்தில் வந்து இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். குரலும் இறங்கிவிட்டது.

"மாப்ளே... ஒரு எட்டு வீட்டுக்கு வந்து அந்த வெளிச்சத்தப் பாத்துட்டுப் போயேன்."

"நான் எதுக்கு அத்தான்? என் காலு அங்ஙன படக்கூடாதுன்னு சொன்னியளாமே."

"சீ, வெளயாட்டுக்குச் சொன்னதுடே. சும்மா பாரு. பதினோரு மணிக்குள்ள வந்தேன்னா நல்லது. வரும்போது..." தொண்டையைச் செருமினார். "அந்த டெஸ்டரையும் கட்டிங் பிளேயரையும் கையோட எடுத்துக்க."

அடுத்த ஆளுக்கு முடி வெட்ட ஆரம்பித்திருந்த சேர்மராஜின் கத்திரிக்கோல் நின்றது. ஆவுடை பேப்பரை நிதானமாக மடித்தான். பந்தியில் பேசினதைவிட இப்போது பேச நல்ல சந்தர்ப்பம். நாங்கள் காத்திருந்தோம்.

"ஏழு மணிக்கே அக்கா போன் பண்ணிட்டா அத்தான்," என்றான் மெதுவாக. "லைட்டக் காலிங் பெல்லுக்குப் போற ஒயர்ல கொடுத்திருக்கிய. வாசல்ல ஆளு வந்து பெல்ல அமுக்குனாத்தான் லைட்டு எரியும். மாத்திக் கொடுத்துட்டுத்தான் இங்க வந்தேன்."

அண்ணாச்சி அவனையே பார்த்தார். கண்ணில் லேசாக ஈரம்கூட வந்த மாதிரி இருந்தது.

"அப்ப... எரியுதாடே?"

"எரியுது."

அண்ணாச்சி விருட்டென்று எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"கேட்டியளாவே? எலக்ட்ரீஷியனே சொல்லிட்டான். நான் அப்பவே சொன்னேம்லா, எரியுதுன்னு!"