புள்ளி குத்தும் பிரிண்டர்

“கம்பெனிக்காரனே சும்மா தர்றான், குருவம்மா. வாங்கிச் சேர்த்தா நமக்கு என்னங்க குறைஞ்சுடும்?”

சீடன் சென்னியப்பனுக்கு மனசு ஆறவில்லை. பார்வையில்லாத பிள்ளைகளின் பள்ளிக்கென்று ஒரு பிரெய்ல் பிரிண்டர் வந்து மடத்தில் இருந்தது. தாளில் புள்ளி புள்ளியாகக் குத்தி எழுதும். ஆனால் மடத்துக் கம்ப்யூட்டர் சொன்னால் கேட்காது. கேட்கவைக்கிற ‘டிரைவர்’ என்ற மென்பொருள் கம்பெனியிடம்தான் இருந்தது. சும்மா தருவார்கள், ஆனால் அதற்குள் என்ன எழுதியிருக்கிறது என்று யாருக்கும் காட்டமாட்டார்கள்.

பரீட்சையோ நெருங்கிவிட்டது.

குருவம்மா வேலாத்தாளின் மடத்தில் பூசை புனஸ்காரம் கிடையாது. ஆளுக்குக் கொஞ்சம் மென்பொருள் எழுதி ஊருக்கெல்லாம் கொடுப்பார்கள். கூடவே ஓர் உரிமமும் போகும்: கேட்டவருக்கு உள்ளே இருப்பது அத்தனையும் தருவோம், அவர் திருத்திக்கொள்ளலாம், பிறருக்கும் கொடுக்கலாம்.

“நம்ம உரிமம் என்ன ஆகும்?” என்றாள் வேலாத்தாள்.

“அதுக்கும் வழி பண்ணிட்டேனுங்க. நடுவுல நானே ஒரு சின்ன நிரல் எழுதிட்டேன். அது திறந்தது. கம்பெனிச் சரக்கு அதுக்குப் பின்னாடி சத்தமில்லாம உட்கார்ந்துக்கும்.”

வேலாத்தாள் சிரித்தாள். “கெட்டிக்காரன்தான். சேர்த்துக்கோ. உரிமத்துக்குக் கீழே உன் பேரைப் போட்டுடு.”

இத்தனை லேசாக விடுவாள் என்று அவன் நினைக்கவில்லை. பேரைப் போட்டான். பிரிண்டர் ஓடியது.

அடுத்த வாரமே பள்ளியிலிருந்து அருளானந்தம் வாத்தியார் கோலைத் தட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். அவருக்கும் பார்வை கிடையாது.

“புள்ளி அழுத்தமா விழலைங்க தம்பி. என் விரலுக்கே தட்டுப்படலை, பிள்ளைக என்ன பண்ணும்? கம்பெனியைக் கேட்டா, பழைய மாடல், இனிமே தொடமாட்டோம்னுட்டாங்க. உங்க உரிமத்துல எல்லாம் தருவோம்னு இருக்கே, நானே திருத்திக்கலாம்னு வந்தேன்.”

“தாராளமா வாத்தியாரே!”

சென்னியப்பன் தன் நிரலை எடுத்துக் கொடுத்தான். கம்ப்யூட்டர் வரிவரியாக வாசித்தது. வாத்தியார் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“உள்ளே போய்க் கேளுன்னு மட்டும்தான் இதுல இருக்கு. அந்த ‘உள்ளே’ எங்கீங்க தம்பி?”

சென்னியப்பன் குருவம்மாவைப் பார்த்தான்.

“என்னை ஏன் பார்க்கிறே? கேட்கிறாரில்ல, குடு.”

“அது என்னுது இல்லீங்களே.”

“பேரு உன்னுதுதானே போட்டிருக்கு.”

அவன் காது சிவந்தது.

கம்பெனிச் சரக்கைப் பிடுங்கி எறிந்தான். பிறகு தன் நிரலையும். பிரிண்டர் ஊமையானது.

“அய்யோ தம்பி, பரீட்சைத்தாள்?” என்று பதறினார் வாத்தியார்.

எந்த எண்ணுக்கு எது நடக்கும் என்று தானே பார்க்க, சென்னியப்பன் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான். ஓர் எண்ணை மட்டும் தட்டிப் பிரிண்டருக்கு அனுப்பினான். அது அசையவில்லை. வேறொன்றை அனுப்பினான். வெள்ளைத்தாளை அப்படியே வெளியே துப்பியது. வேலாத்தாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுபடி ஒன்று.

டக்.

“வாத்தியாரே, இப்ப எதுங்க விழுந்தது?”

வாத்தியார் கோலைச் சுவரில் சாத்திவிட்டுத் தாளைத் தடவினார். விரல் ஓரிடத்தில் நின்றது.

“இடது பக்கம், மேல் புள்ளி. அட, நல்லா அழுத்தமாவே விழுந்திருக்கே!” என்றவர் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். “அடுத்ததை அனுப்புங்க.”