ஏழாம் வார்டு மண்வெட்டி

இந்தக் கதைக்கு எனக்கே விடை பிடிபட மூன்று வருடம் ஆயிற்று. அதனால் அவசரப்படாமல் கேளுங்கள். கொன்றைமேடு என்ற பேரூராட்சியில் ஏரிப் பாதுகாப்புக் கட்சி என்று ஒன்று இருந்தது. பதினைந்து வார்டு உள்ள ஊரில் ஒரே ஒரு வார்டில் மட்டும் போட்டியிடும் கட்சி. சிரிக்காதீர்கள், அந்த ஏழாம் வார்டில்தான் ஏரி இருக்கிறது.

தொடங்கியவர் சென்னகேசவன், நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஏரியில் ஒரு கூடைக் குப்பைகூட விழ விடமாட்டோம் என்பதுதான் கட்சியின் கொள்கை. வேட்பாளர் எப்போதும் மாதம்மாள். ஏரித் தண்ணீரை நம்பி அரை ஏக்கரில் தக்காளி போடுகிறவர். முதல் தேர்தலில் அவருக்கு நாற்பத்தொரு ஓட்டு, அடுத்ததில் நூற்றுப் பன்னிரண்டு. மூன்றாவதில் ஒன்பது ஓட்டில் தோற்றார்.

மூன்று முறையும் சின்னம் மண்வெட்டி. அங்கீகாரம் இல்லாத கட்சி என்பதால் ஒவ்வொரு தேர்தலுக்கும் புதிதாகக் கேட்டுத்தான் வாங்கவேண்டும். வேறு யாரும் கேட்காததால் கிடைத்துக்கொண்டிருந்தது. சென்னகேசவனோ அதைத் தம் பாட்டன் சொத்தாகவே நினைத்துவிட்டார். சுவரெல்லாம் மண்வெட்டி வரைந்தார். மாதம்மாள் பெயரை எறும்பளவு எழுதினார், பல சுவர்களில் எழுதவே இல்லை. மண்வெட்டிக்குப் போட்டால் போதும், பெயர் எதற்கு என்பார். படித்த மனுஷர் செய்கிற வேலையா இது?

நான்காவது தேர்தலில் தீர்த்தமலை என்பவர் சுயேச்சையாக மனு போட்டார். அஸ்திவாரக் குழி வெட்டிப் பிழைக்கிறவர், அதனால் மண்வெட்டியைக் கேட்டார். அதில் சூது ஒன்றும் இல்லை. இரண்டு பேர் ஒரே சின்னத்தைக் கேட்டதால் அதிகாரி சீட்டுக் குலுக்கினார். மண்வெட்டி தீர்த்தமலைக்குப் போயிற்று. மாதம்மாளுக்குத் தையல் இயந்திரம் கிடைத்தது.

தீர்த்தமலையின் வீடு அதே வார்டில், ஊர்க் குப்பைமேட்டை ஒட்டிய தெருவில் இருந்தது. எரிகிற குப்பையின் புகை பகலெல்லாம் வீட்டுக்குள் நிற்கும். அவருடைய ஏழு வயது மகளுக்கு இருமல் நின்ற நாளே இல்லை. அவர் அச்சடித்த நோட்டீசில் இருந்தது ஒரே வரி: குப்பைமேட்டை இங்கிருந்து எடுக்கவைப்பேன். ஏரிப்பக்கத் தெருக்களில் "நம்ம மண்வெட்டி" என்று வரவேற்றவர்களிடமெல்லாம், நான் ஏரிக் கட்சி இல்லை, பெயரைப் பார்த்துப் போடுங்கள் என்று கும்பிட்டுச் சொன்னார். அவர்களும் தலையாட்டினார்கள். ஆனால் வாக்குச்சாவடிக்குள் போய் நின்றதும் கை பழகிய சின்னத்துக்கே போயிற்று.

தீர்த்தமலைக்கு முந்நூற்றுப் பதினெட்டு ஓட்டு, மாதம்மாளுக்கு நூற்று நாற்பது. குப்பைமேட்டுத் தெருவில் மொத்தமே எழுபது ஓட்டுதான். மீதி யாருக்காகப் போட்ட ஓட்டு என்று ஊருக்கே தெரியும்.

தீர்த்தமலை ஜெயித்த ஆறாம் மாதம் மன்றத்தில் ஒரு தீர்மானம் வந்தது. குப்பைமேட்டை எடுத்து ஏரியின் கீழ்க்கரையில் கொட்டுவது. இரண்டு வருடம் தேடியும் வேறு இடம் அமையவில்லை. தீர்மானம் நிறைவேற எட்டுக் கை வேண்டும். ஏழு பேர் ஆதரவு, ஏழு பேர் எதிர்ப்பு. பதினைந்தாவது ஆள் தீர்த்தமலை.

தீர்த்தமலை வீட்டுக்குச் சென்னகேசவன் முதலில் வந்தார். உனக்கென்று விழாத ஓட்டில் நீ உட்கார்ந்திருப்பது முறையில்லை, மன்றம் கூடுவதற்குள் ராஜினாமா செய்துவிடு என்றார். தீர்த்தமலை விலகினால் எட்டாவது கை இருக்காது என்ற கணக்கும் அவருக்குத் தெரியாமல் இல்லை.

மறுநாள் மாதம்மாள் வந்தார். அவர் ராஜினாமா கேட்கவில்லை.

"நீயே இரு, தீர்த்தமலை. ஆனா உன்னை அங்க உக்கார வெச்சவங்க ஏரிக்குத்தான் ஓட்டுப் போட்டாங்க. அவங்க நெனச்சதைச் செய்."

"நான் ஏரியைப் பத்தி ஒரு வார்த்தை பேசலியேக்கா."

"நீ பேசல. அவங்க நம்புனாங்க."

உள்ளே மகள் இருமிக்கொண்டிருந்தாள். மாதம்மாள் கொஞ்ச நேரம் அதைக் கேட்டபடி நின்றுவிட்டுப் போனார்.

அவர் போனபிறகு தீர்த்தமலையின் மனைவி ராஜகிளி கேட்டார். எழுபது பேர் உன் பெயரைப் படித்து, உன் நோட்டீசை நம்பி ஓட்டுப் போட்டார்கள், அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பாய் என்றார்.

கூட்டம் கூடியது. ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் தலைவர். ஏழு கைகள் எழுந்தன. எல்லாரும் தீர்த்தமலையைப் பார்த்தார்கள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். சென்னகேசவன், மாதம்மாள், ராஜகிளி, இந்த மூவரில் யார் கேட்டது நியாயம்? தீர்த்தமலை கையைத் தூக்கலாமா, கூடாதா?

என் விடை இது. ராஜகிளி கேட்டதுதான் நியாயம். ஏரியைக் காப்பேன் என்று சொன்னவர் மாதம்மாள். அவர் கொடுத்த சொல்லை, அதைக் கொடுக்கவே கொடுக்காத ஒருவர் தலையில் கட்டமுடியாது. ஜனங்கள் ஆள் மாறி ஓட்டுப் போட்டார்கள் என்றால், பதினைந்து வருடம் ஆளை மறைத்துவிட்டுச் சின்னத்தையே காட்டிய சென்னகேசவன்தான் அதற்குப் பொறுப்பு. தீர்த்தமலை எல்லாரிடமும் உண்மையைச் சொல்லித்தான் ஓட்டுக் கேட்டார். அவர் கையைத் தூக்கினார். தூக்கும்போது அழுதார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஏரி தோற்றதில் எனக்கு இன்றுவரை வருத்தம்தான், நியாயம் என்பதால் வலிக்காமல் போய்விடாது. வெளியே படிக்கட்டில் மாதம்மாள் நின்றிருந்தார். தீர்த்தமலை தலையைக் குனிந்துகொண்டு அருகில் போய் நின்றார்.

"என் வயல் போச்சு, தீர்த்தமலை," என்றார் மாதம்மாள். "உன் பொண்ணுக்கு இருமலாவது நிக்கட்டும்."