டீக்கு ஒரு கையெழுத்து

உப்பளத்துக்குப் பக்கத்தில் ரசாயன ஆலை கட்ட ஊரே சம்மதித்துவிட்டதாகக் கருத்துக்கேட்பு அரங்கில் கலெக்டர் வாசித்ததும், உப்பு வாருகிற சந்தனமாரி எழுந்து நின்றாள். இந்த ஊர் எப்போது சம்மதித்தது?

"முந்நூறு பேர் கையெழுத்து இருக்கே" என்றார் கம்பெனி மேனேஜர்.

"அது போன மாசம் உங்க கம்பெனி கூட்டத்துக்கு வந்ததுக்குப் போட்டதாச்சே சார்! வெறும் தாளாத்தானே இருந்துச்சு?"

"கையெழுத்துப் போட்டா சம்மதம்தாம்மா. இதுகூடத் தெரியாதா?"

சந்தனமாரி குழம்பிப்போய் வெளியே நின்றாள். கொஞ்ச நேரத்தில், டீ கொண்டுவந்த பையனிடமிருந்து டீத்தட்டை அவளே வாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள். மேனேஜரிடம் டீயோடு ஒரு வெறும் தாளையும் நீட்டினாள்.

"டீ குடிக்கிறவங்க கையெழுத்துப் போடணுமாம், சார்."

அவர் செல்போனில் பேசிக்கொண்டே போட்டுக்கொடுத்தார்.

சற்று நேரத்தில் அந்தத் தாள் கலெக்டர் கைக்குப் போனது. அவர் சத்தமாகவே படித்தார்: "இந்த ஆலை இங்கே வேண்டாம் என்பதற்கு எனக்கு முழுச் சம்மதம். இப்படிக்கு, கம்பெனி மேனேஜர்."

மேனேஜர் துள்ளி எழுந்தார். "மோசடி சார்! டீக்குன்னு சொல்லி வெறும் தாள்ல வாங்கிட்டு, அப்புறமா மேல எழுதியிருக்கா!"

"எனக்கு ஒண்ணுமே புரியலையே சார்" என்றாள் சந்தனமாரி. "கையெழுத்துப் போட்டா சம்மதம்னு நீங்கதானே சொன்னீங்க?"

கலெக்டர் அந்த முந்நூறு கையெழுத்தை மறுபடியும் கையில் எடுத்தார்.

"இதை எப்படி வாங்கினீங்க, மேனேஜர்?"