ஆறாவது துண்டு

கோவில்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். அங்கே தமயந்தி என்று ஒரு கணக்கு டீச்சர். நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஆனாலும் வாத்தியார் வேலை பழக வருகிறவர்கள் அவரிடம்தான் வந்து உட்காருவார்கள். யாராவது குருவே என்று கும்பிட்டால், "எந்த மடத்துல?" என்று கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார்.

அப்படி வந்து சேர்ந்தவர்தான் பரஞ்சோதி. ஐம்பது தாண்டிய மனுஷன். பி.எட். முடித்தும் ஒரு வகுப்பு அமையவில்லை, பாவம். டியூஷன் சென்டர்களில் பரீட்சை ஹாலைச் சுற்றி வருகிற வேலையிலேயே ஆயுசு போய்விட்டது. ஆனால் பிட் பிடிப்பதில் ஆள் எமகாதகன். வாட்டர் பாட்டில், செருப்பு, ஜாமெட்ரி பாக்ஸ் மூடி என்று எங்கே ஒளித்தாலும் எடுத்துவிடுவார். கை போகிற இடத்தை அவர் பார்க்க மாட்டார். கண் போகிற இடத்தைப் பார்ப்பார்.

வருகிற ஜூனில் ஆறாம் வகுப்புக்கு ஒரு ஆள் வேண்டும். பரஞ்சோதிக்குக் கொடுக்கலாமா கூடாதா என்று தமயந்திதான் சொல்ல வேண்டும். அந்த மனுஷனுக்கோ அது ஒன்றுதான் ஆசை. சாவதற்குள் தன் பெயரில் ஒரு வகுப்பு.

அந்தப் பள்ளிக்கூடத்தில் மார்க் கிடையாது. சுவர் முழுக்க ஒரு கரும்பலகை. ஓரத்தில் பிள்ளைகளின் பெயர்கள், மேலே கற்க வேண்டியவை. கட்டத்துக்குள் மூன்றில் ஒன்று எழுதியிருக்கும்: இன்னும் வரல, துணையோட வருது, தானா வருது. வராத பிள்ளை எத்தனை தடவை வேண்டுமானாலும் மறுபடி போட்டுக் காட்டலாம். வந்துவிட்டால் தமயந்தி பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதுவார்.

முதல் நாளே பரஞ்சோதிக்கு அது உறுத்தியது.

"அழிச்சுட்டா ஆதாரம் எங்க டீச்சர்?"

"எதுக்கு ஆதாரம்?"

"முன்னால தெரியாம இருந்ததுக்கு."

"தெரியாமதான சார் எல்லாரும் வர்றாங்க?"

பரஞ்சோதி தலையை ஆட்டினார். ஆனால் நம்பவில்லை. இதில் ஏதோ தில்லுமுல்லு இருக்கிறது, பிள்ளைகள் இந்த அம்மாவை நன்றாக ஏமாற்றுகிறார்கள் என்றே அவருக்குப் பட்டது.

ஐந்தாம் வகுப்பில் சண்முகக்கனி என்று ஒரு பிள்ளை. பின்னக் கூட்டல் அவளுக்கு வரவே இல்லை. மூன்று தடவை போட்டுக் காட்டினாள், மூன்று தடவையும் தப்பு. அன்றைக்குக் காலையில் அவளாகவே வந்து, "டீச்சர், சாயங்காலம் மறுபடி போட்டுக் காட்டவா?" என்று கேட்டாள். முகத்தில் அப்படி ஒரு தெம்பு.

அந்தத் தெம்புதான் பரஞ்சோதிக்குப் பொறுக்கவில்லை. நேற்று வரை முழித்த பிள்ளைக்கு இன்றைக்கு எங்கிருந்து வந்தது?

மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் அவள் பின்னாலேயே போனார். தண்ணீர்த் தொட்டி மறைவில் கனி உட்கார்ந்திருந்தாள். எதிரே அவள் வகுப்புத் தோழி ஜெபராணி. இவர் தொட்டிக்கு இந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஜெபராணி ஒரு கடலை மிட்டாய் வில்லையை ஒவ்வொரு துண்டாக உடைத்தாள். "மூணு" என்றாள். கனி மூன்று துண்டுகளை மடியில் வைத்தாள். "அப்புறம் ரெண்டு" என்றாள் ஜெபராணி. கனி இன்னும் இரண்டை வைத்தாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பரஞ்சோதி பாய்ந்தார் பாருங்கள்! ஜெபராணி கையில் இருந்த கடைசித் துண்டைப் பிடுங்கிக்கொண்டு, கனியையும் கூட்டிக்கொண்டு நேரே தமயந்தியிடம் போய் நின்றார். துண்டை மேஜைமேல் வைத்தார்.

"கையும் களவுமா பிடிச்சுட்டேன் டீச்சர்."

"என்ன சார் இது?"

"லஞ்சம். அஞ்சு துண்டு கைமாறிடுச்சு, இது மிச்சம். கூடவே சங்கேதம். மூணு, ரெண்டுன்னு நம்பர் போகுது. என் சர்வீஸ்ல இதை எத்தனை பார்த்திருக்கேன்! சாயங்காலம் இவளைப் போட விடாதீங்க."

கனி பாவாடையைக் கசக்கிக்கொண்டு நின்றாள்.

தமயந்தி துண்டைப் பார்த்தார். பிறகு பரஞ்சோதியைப் பார்த்தார்.

"சாயங்காலம் வரைக்கும் எதுக்கு? இப்பவே போடட்டும். கணக்கை நீங்களே சொல்லுங்க சார். யாருக்கும் தெரியாத கணக்கா."

பரஞ்சோதி யோசித்தார். அவர் மனதில் பெரிய கணக்காகவே ஒன்று வந்தது.

"மூணுல ரெண்டு பங்கும், நாலுல ஒரு பங்கும். கூட்டு பாப்போம்."

கனி சிலேட்டை எடுத்தாள். அவர் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் கண் சிலேட்டை விட்டு எங்கேயும் போகவில்லை.

"பன்னிரண்டு துண்டா உடைக்கலாமா சார்?"

"எதை?"

"மிட்டாயை. சும்மா, படத்துல."

பதில் வருவதற்குள் ஒரு நீளக் கட்டம் வரைந்து பன்னிரண்டாகப் பிரித்துவிட்டாள். "மூணுல ரெண்டு பங்குன்னா எட்டு துண்டு. நாலுல ஒரு பங்குன்னா மூணு துண்டு. ஆகமொத்தம் பதினொண்ணு. பன்னிரண்டுல பதினொண்ணு, டீச்சர்."

சரியான விடை.

"மத்தியானம் ஜெபா என்ன கணக்கு சொல்லித் தந்தா?" என்று கேட்டார் தமயந்தி.

"அரையும் மூணுல ஒண்ணும் டீச்சர். ஆறு துண்டுல பாதி மூணு. மூணுல ஒரு பங்கு ரெண்டு. சேர்த்தா அஞ்சு." பரஞ்சோதியைப் பார்க்காமல் மேஜையைக் காட்டினாள். "அது மிச்சம் சார். ஜெபாவோடது."

தமயந்தி எழுந்து போய்க் கரும்பலகையில் 'இன்னும் வரல' என்பதை அழித்தார். 'தானா வருது' என்று எழுதினார். கனி ஓடியே போய்விட்டாள்.

பரஞ்சோதியின் முகம் கருத்துப்போயிற்று. ஆனால் மனுஷன் லேசில் விடுகிற ஆளா?

"அப்படின்னா அந்தப் பிள்ளை சொல்லிக் கொடுத்திருக்கு!"

"ஆமா."

"மறைவுல வச்சு!"

"வெயிலு சார்."

"சரி, இன்னைக்கு ஒரு தடவை வந்துடுச்சு. முன்னால மூணு தடவை முட்டை. நாலையும் கூட்டி வகுத்தா காலே காலுதான். நீங்க முழுசா போட்டுட்டீங்க. இது எந்த ஊரு நியாயம்?"

தமயந்தி சாக்பீஸ் படிந்த கையைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த மூணு தடவையும் கனி எங்க தப்புப் பண்ணினா சார்?"

"விடை தப்பு."

"விடை தப்புன்னு எனக்கும் தெரியும். அவ என்ன செஞ்சா அந்த விடை வந்துச்சு?"

கனி எந்த மூலையில் உட்காருவாள், எந்தப் பக்கம் திரும்புவாள், எத்தனை தடவை தண்ணீர் குடிக்கப் போவாள் என்று எல்லாம் பரஞ்சோதிக்குத் தெரியும். மூன்று தடவையும் அவளுடைய சிலேட்டை மட்டும் அவர் பார்க்கவே இல்லை.

"கவனிக்கல" என்றார். அப்படிச் சொல்ல அவருக்கே கூச்சமாக இருந்தது.

தமயந்தி கரும்பலகையின் அடியில், பிள்ளைகள் பெயருக்குக் கீழே, 'பரஞ்சோதி சார்' என்று எழுதினார். மேலே, 'பிள்ளைக்கு எது புரியலன்னு கண்டுபிடிக்கிறது' என்று எழுதினார். கட்டத்துக்குள் 'இன்னும் வரல' என்று போட்டார்.

பரஞ்சோதி அதைப் படித்தார். ஜூன் மாதம் போச்சு, ஆறாம் வகுப்பு போச்சு. மறுபடி அந்த ஹால், அந்த பெஞ்சுகள், யாரும் தன்னை வாத்தியார் என்று கூப்பிடாத அந்த நடை. அவமானமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

"டீச்சர்."

"சொல்லுங்க."

"நாளைக்கு என்னை மறுபடி கேட்பீங்களா?"

"கேட்பேன்."

"சரியாச் சொல்லிட்டா?"

"இதை அழிச்சுடுவேன்."

"வந்ததுல இருந்து நான் ஒண்ணும் உருப்படியாச் செய்யல. அதையெல்லாம் கூட்டி..."

"இங்க கூட்டறதில்ல சார்."

பரஞ்சோதி நகரவில்லை. பழக்கம் விடுமா? கடைசியாக ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது.

"இன்னைக்குத் தெரியாதவன் நாளைக்கு வந்து சொன்னா, நம்புவீங்களா? எவளோ ஒருத்தி சொல்லிக் கொடுத்திருப்பான்னு தோணாதா?"

தமயந்தி மேஜைமேல் இருந்த கடலை மிட்டாய்த் துண்டை எடுத்தார். காகிதத்தில் மடித்து அவர் கையில் வைத்தார்.

"இது ஜெபாவோடது, மொதல்ல அவகிட்ட திருப்பிக் குடுங்க. கனியும் அங்கதான் இருப்பா, எங்க தடுமாறுனான்னு அவகிட்டயே கேட்டுக்கோங்க. நான் தொட்டிக்குப் பின்னால வந்து நிக்க மாட்டேன் சார்."